சான்றிதழ் சரிபார்ப்பில் ஓட்டையா? அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

டிஎல்எஸ் என்பது இணைய இணைப்பை மறையாக்கிப் பாதுகாக்கும் முறை. எதிரே இருக்கும் சர்வர் யார் என்பதற்கான அத்தாட்சிதான் அதில் சான்றிதழ். இந்தச் சான்றிதழ் சிக்கல்கள் இரண்டு ரகம். ஒன்று கத்தும். இணைப்பு அறுந்துபோகும், லாகில் எரர் குவியும், சற்று நேரத்தில் யாராவது கூப்பிட்டுக் கேட்பார்கள். இன்னொன்று வாயே திறக்காது. எல்லாம் ஒழுங்காக ஓடும், நடுவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறவனுக்கும் சேர்த்து ஓடும்.

கத்துகிற ரகத்தில் பெரும்பாலும் லைப்ரரி தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கும். ஓட்டை இருப்பது கத்தாத ரகத்தில். முதல் ரகத்தை அவசரமாக அடக்கப் போய்த்தான் பலரும் இரண்டாவதை உண்டாக்கிவிடுகிறார்கள். அதனால் இங்கே சத்தமில்லாத அறிகுறிகளை முதலில் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விஷயம். "சான்றிதழைச் சரிபார்ப்பது" என்று ஒரே வாக்கில் சொல்கிறோமே தவிர, உள்ளே நடப்பது பல தனித்தனிச் சோதனைகள். ஒன்றுக்கு இன்னொன்று கையெழுத்திட்ட சான்றிதழ் சங்கிலி, நாம் நம்பும் ரூட் (உச்சியில் உள்ள வழங்குநரின் சான்றிதழ்) வரை போய்ச் சேருகிறதா? நடுவில் கையெழுத்திட்டவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா? காலாவதி ஆகவில்லையே? சான்றிதழில் உள்ள பெயரும் நாம் கூப்பிட்ட பெயரும் ஒன்றா? கடைசியாக, எதிரே இருப்பவனிடம் அந்தச் சான்றிதழுக்கான தனிச்சாவி உண்மையிலேயே இருக்கிறதா? இவற்றில் எது விடுபட்டாலும் ஓட்டைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அறிகுறி வேறு, சோதிக்கும் விதமும் வேறு.

அறிகுறி: எந்தச் சான்றிதழை நீட்டினாலும் இணைகிறது

இதை யாரும் தானாகக் கவனிக்கப்போவதில்லை. தேடித்தான் பிடிக்க வேண்டும். எம்ஐடிஎம்ப்ராக்ஸி போன்ற ஒரு ப்ராக்ஸியை நடுவில் வைத்து, அதன் ரூட் சான்றிதழைச் சாதனத்தில் நிறுவாமல் உங்கள் ஆப்பை ஓட்டுங்கள். இணைப்பு மறுக்கப்பட வேண்டும். போகிற வருகிற தகவல் ப்ராக்ஸி திரையில் படிக்கும்படியாகத் தெரிந்தால், சரிபார்ப்பு நடக்கவில்லை என்று அர்த்தம்.

இங்கே ஒரு பொய் எச்சரிக்கைக்கு இடமுண்டு. பிழை தேடும் (டீபக்) வேலைக்கென்று வைத்திருக்கும் போனில் யாரோ எப்போதோ அந்த ப்ராக்ஸியின் ரூட்டைப் போட்டு வைத்திருப்பார்கள். அதில் சோதித்துவிட்டு ஓட்டை என்று அலற வேண்டாம். ரூட் பட்டியலைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஓட்டை உறுதியானதும் லைப்ரரியைத் திட்டுவதற்கு முன் சொந்தக் கோடில் தேடுங்கள். பைத்தானில் வெரிஃபை என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்த வரி, கோ மொழியில் இன்செக்யூர்ஸ்கிப்வெரிஃபை, நோடில் ஃபால்ஸ் ஆக்கப்பட்ட ரிஜெக்ட்அன்ஆத்தரைஸ்ட், ஜாவாவிலும் ஆண்ட்ராய்டிலும் உள்ளே ஒன்றுமே எழுதாமல் விட்ட செக்சர்வர்டிரஸ்டட் மெத்தட். பெரும்பாலான வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும். நோடுக்கு இதே வேலையைச் செய்யும் ஓர் என்விரான்மென்ட் வேரியபிளும் உண்டு. அது கோடில் இருக்காது. டிப்ளாய் ஸ்கிரிப்டிலோ கன்டெய்னர் அமைப்பிலோ பதுங்கியிருக்கும். அதை வைத்தால் ஒரு இணைப்புக்கு மட்டுமல்ல, அந்த ப்ராசஸ் முழுவதற்குமே சோதனை போய்விடும். கோடில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று கையை விரிப்பதற்கு முன் அங்கேயும் பாருங்கள்.

அப்புறம் பதிப்பு. பைத்தானின் சொந்த ஹெச்டிடிபி கிளையன்ட் 2.7.9-க்கும் 3.4.3-க்கும் முன்பு சான்றிதழைச் சரிபார்க்கவே இல்லை. அது தவறிப்போய் வந்த பிழை அல்ல, அன்றைய இயல்புநிலையே அதுதான். பழைய சர்வரில் பழைய பைத்தானோடு ஒரு ஸ்கிரிப்ட் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தால், அதில் யாரும் எதையும் அணைத்திருக்க வேண்டியதே இல்லை.

கோட் சுத்தம், அமைப்பும் சுத்தம், ஆனாலும் போலிச் சான்றிதழை ஏற்கிறது என்றால்தான் லைப்ரரி மேல் சந்தேகம் வர வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் ஐஓஎஸ் ஆப்களில் அன்று பரவலாக இருந்த ஏஎஃப்நெட்வொர்க்கிங். 2015 தொடக்கத்தில் வந்த அதன் 2.5.1 பதிப்பில், சான்றிதழ் பின்னிங் (முன்பே குறித்துவைத்த சான்றிதழை மட்டுமே ஏற்பது) போடாத ஆப்களுக்குச் சங்கிலிச் சோதனையே நடக்காமல் போனது. பின்னிங் போட்டவர்கள் தப்பித்தார்கள். போடாதவர்கள்தான் அதிகம். அவர்கள் தங்கள் கோடில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, லைப்ரரியை அப்டேட் செய்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பதிப்போடு வெளியான ஆப் எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் தலையாட்டியது. 2.5.2-இல் அதை அடைத்தார்கள். கதை அதோடு முடியவில்லை, அடுத்த அறிகுறியில் தொடர்கிறது.

குனூடிஎல்எஸ் என்ற லைப்ரரியில் 2014 மார்ச்சில் அடைக்கப்பட்ட ஓட்டை, சிவிஇ-2014-0092 (சிவிஇ என்பது பொதுவில் பதிவான ஓட்டைகளுக்குத் தரும் எண்), வேறு விதம். சரிபார்க்கும் ஃபங்ஷன் சரி என்றால் 1, தவறு என்றால் 0 திருப்ப வேண்டும். உள்ளே ஏதாவது கோளாறு நடந்தால் சில இடங்களில் மைனஸ் எண் திரும்பியது. சி மொழியில் சுழியம் இல்லாத எதுவும் உண்மைதான். ஆக, "சோதிக்கவே முடியவில்லை" என்ற பதில் "சோதித்தேன், சரி" என்று படிக்கப்பட்டது. வழக்கமான போலிச் சான்றிதழ்களை இந்த லைப்ரரி ஒழுங்காக மறுத்திருக்கும். அந்த மைனஸ் பாதைக்குள் தள்ளும்படி விசேஷமாகச் செய்த சான்றிதழ்தான் உள்ளே நுழையும். மேலே சொன்ன ப்ராக்ஸி சோதனையில் தேறியதாலேயே லைப்ரரி சுத்தம் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அறிகுறி: சான்றிதழ் அசல்தான், ஆனால் வேறொருவருடையது. அதற்கும் இணைகிறது

ஏஎஃப்நெட்வொர்க்கிங் 2.5.2-இல் மிச்சமிருந்தது இதுதான். சங்கிலியைப் பார்த்தது. சான்றிதழில் உள்ள பெயரும் நாம் கூப்பிட்ட டொமைனும் ஒன்றா என்ற சோதனை மட்டும் பின்னிங் இல்லாதபோது இயல்பாகவே அணைந்திருந்தது. 2015 ஏப்ரலில் வந்த 2.5.3-இல்தான் அது இயல்பாக இயங்கும்படி ஆனது. கேட்க இது சின்னக் குறையாகத் தோன்றும். உண்மையில் விளைவு கிட்டத்தட்ட முந்தையதற்குச் சமம். யார் வேண்டுமானாலும் தன் சொந்த டொமைனுக்கு முறையான சான்றிதழ் வாங்கலாம். அதை உங்கள் சர்வரின் பெயரில் வந்த இணைப்புக்கு நீட்டினாலும் ஆப் ஏற்றுக்கொள்ளும்.

சோதிப்பது எளிது. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று சொல்லும் உள்ளூர்ப் பட்டியல்) உங்கள் ஏபிஐ சர்வரின் பெயரை, வேறொரு டொமைனுக்கான செல்லுபடியாகும் சான்றிதழ் வைத்திருக்கும் உங்களுடைய இன்னொரு சர்வரின் ஐபி முகவரிக்குத் திருப்புங்கள். கிளையன்ட் மறுக்க வேண்டும். மறுத்தால் மட்டும் போதாது, என்ன காரணம் சொல்லி மறுத்தது என்று பாருங்கள். சில சர்வர்கள் தமக்குத் தெரியாத பெயர் ஹேண்ட்ஷேக்கில் (இணைப்பின் தொடக்கத்தில் நடக்கும் அறிமுகப் பரிமாற்றத்தில்) வந்ததும் தாமாகவே இணைப்பை அறுத்துவிடும். அப்போது தோல்வி சர்வரால் வந்தது, உங்கள் கிளையன்ட் எதையும் சோதிக்கவில்லை. எரரில் ஹோஸ்ட்நேம் பொருந்தவில்லை என்று இருந்தால்தான் தேர்ச்சி. தெரியாத பெயருக்கும் தன் இயல்புச் சான்றிதழை நீட்டும் சர்வராகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை விடுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியம் அல்ல, ஏபிஐ அமைப்பே அப்படி. பரவலான டிஎல்எஸ் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 1.0.2 வரும்வரை பெயரைச் சரிபார்க்கும் வசதியே கிடையாது. பயன்படுத்துகிறவர்தான் சொந்தமாக எழுதிக்கொள்ள வேண்டும். இப்போதும் எந்தப் பெயரை எதிர்பார்க்கிறோம் என்று நாம் சொன்னால்தான் அது சோதிக்கும். ஜாவாவில் ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு வகுப்பு பெயரைப் பார்க்கும். அதன் அடியில் உள்ள எஸ்எஸ்எல்சாக்கெட்டை நேரடியாக எடுத்தால், எண்ட்பாயின்ட் அடையாள அல்காரிதத்தை நாமே வைத்தாலொழியப் பார்க்காது. மெயில், டேட்டாபேஸ், மெசேஜ் க்யூ என்று ஹெச்டிடிபிக்கு வெளியே உள்ள கிளையன்ட்களில் இந்த ஓட்டை அடிக்கடி மாட்டுவது இதனால்தான். சோதிக்கும்போது வெப் இணைப்புகளோடு நிறுத்திவிடாதீர்கள்.

இணையக் கோரிக்கைகளை அனுப்பும் கர்ல் லைப்ரரியின் பழைய கதையும் இங்கே சேரும். பெயர் சோதனைக்கான ஆப்ஷனுக்கு 2 கொடுத்தால் முழுச் சோதனை. 1 கொடுத்தால் சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருந்தாலே போதும். பிஹெச்பியில் எழுதியவர்கள் "சோதனை வேண்டும்" என்ற நல்லெண்ணத்தில் அதற்கு ட்ரூ கொடுத்தார்கள். ட்ரூ என்பது 1 ஆகப் போய்ச் சேர்ந்தது. சோதனையை இயக்கப் போய் அணைத்துவிட்டார்கள்! கர்ல் 7.28.1-இலிருந்து 1 கொடுத்தால் அது தவறு என்று மறுக்கத் தொடங்கியது. பிறகு 7.66.0-இலிருந்து 1-ம் 2-ம் ஒன்றே. பழைய கர்லோடு ஓடும் பழைய பிஹெச்பி கோட் கையில் இருந்தால் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

அறிகுறி: முதல் சோதனையில் மறுக்கிறது, வேறு நேரத்தில் ஏற்கிறது

ஒரே நிரல், ஒரே சர்வர், பதில் மட்டும் மாறி மாறி வருகிறது என்றால் இணைப்பு மறுபயன்பாட்டைச் சந்தேகியுங்கள். சரிபார்ப்பு நடப்பது ஹேண்ட்ஷேக்கின்போது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை லைப்ரரி மறுபடி எடுத்துக்கொண்டால் ஹேண்ட்ஷேக் இல்லை, சோதனையும் இல்லை.

பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் 2.32.0-க்கு முன் இருந்த சிவிஇ-2024-35195 இதே வகை. ஒரு செஷனில் முதல் கோரிக்கையைச் சரிபார்ப்பை அணைத்து அனுப்பினால், அதே சர்வருக்குப் பின்னால் போகும் கோரிக்கைகளில் சரிபார்ப்பைத் திரும்ப இயக்கினாலும் பலனில்லை. முதலில் திறந்த சோதிக்காத இணைப்பே தொடர்ந்து பயன்பட்டது. கோடைப் படிக்கிறவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஹெல்த் செக் போல ஏதோ ஒரு மூலையில் "இது முக்கியமில்லை" என்று அணைத்த ஒரு வரி, பாஸ்வேர்டு போகும் கோரிக்கையையும் சேர்த்து அம்மணமாக்கிவிடும்.

தீர்வு மேம்படுத்துவதுதான். உடனே முடியாதென்றால், அணைத்து அனுப்பும் கோரிக்கைகளுக்குத் தனி செஷன் வைத்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். அப்படி அணைக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பது தனிக் கேள்வி. அதற்கும் கீழே பதில் இருக்கிறது.

அறிகுறி: எல்லாச் சோதனையிலும் தேறுகிறது, ஆனால் பாதுகாப்பு அறிவிப்பு வந்திருக்கிறது

ஆப்பிளின் டிஎல்எஸ் லைப்ரரியில் இருந்த 2014 பிப்ரவரி ஓட்டை, சிவிஇ-2014-1266, இந்த வகை. சி கோடில் கோடூ ஃபெயில் (ஃபெயில் என்ற இடத்துக்குத் தாவு) என்ற வரி இரண்டு முறை அடுத்தடுத்து விழுந்திருந்தது. முதலாவது இஃப் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது உள்தள்ளலில் மட்டும் அப்படித் தெரிந்ததே தவிர, எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது. அதற்குக் கீழே இருந்த கையெழுத்துச் சோதனைக்குப் போகாமலேயே, பிழை இல்லை என்ற மதிப்போடு ஃபங்ஷன் முடிந்துவிடும்.

கவனிக்க வேண்டியது எது விடுபட்டது என்பதை. சங்கிலி, தேதி, பெயர் மூன்றும் ஒழுங்காகவே சோதிக்கப்பட்டன. சாவி பரிமாற்றத்தில் சர்வர் போட்ட கையெழுத்துதான் பார்க்கப்படவில்லை. அதாவது எதிரே இருப்பவனிடம் தனிச்சாவி இருக்கிறதா என்ற கேள்வியே எழவில்லை. சான்றிதழ் என்பது ஊருக்கே தெரியும் பொதுத் தகவல். யார் வேண்டுமானாலும் அசலை எடுத்து நீட்டலாம். ஆகவே சுய கையெழுத்துச் சான்றிதழ், தப்பான பெயர், காலாவதியானது என்று நீங்கள் எதை வைத்துச் சோதித்தாலும் இந்த லைப்ரரி நன்றாகவே மறுத்திருக்கும்.

விண்டோஸில் 2020 ஜனவரியில் அடைக்கப்பட்ட சிவிஇ-2020-0601, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1ஹெச் முதல் 1.1.1ஜே வரை இருந்த சிவிஇ-2021-3450 ஆகியவையும் சாதாரணச் சோதனைக்குச் சிக்காதவை. இரண்டாவதில் ஒரு முரண் உண்டு. கறாரான சரிபார்ப்பு என்ற ஃபிளாகை இயக்கியவர்களுக்குத்தான் ஆபத்து. கறார்ச் சோதனைக்காகப் புதிதாகச் சேர்த்த ஒரு பரிசோதனையின் முடிவு, "கையெழுத்திட்டவருக்கு அந்த அதிகாரம் இல்லை" என்ற முந்தைய முடிவின் மேல் எழுதிவிட்டது. 1.1.1கே பதிப்பில் சரியானது.

இந்த வகைக்கு நீங்கள் வீட்டில் செய்யும் சோதனை எதுவும் உதவாது. பதிப்பு எண்ணை அறிவிப்போடு ஒப்பிடுவதுதான் ஒரே வழி. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன்கள் பேட்சைப் பழைய பதிப்புக்கே கொண்டுவந்து சேர்ப்பதுண்டு. பதிப்பு எண் பழையதாகத் தெரிந்தாலும் அடைத்திருக்கலாம். பேக்கேஜின் மாற்றப் பதிவில் சிவிஇ எண்ணைத் தேடுங்கள்.

இனி கத்துகிற ரகம்.

அறிகுறி: பிரவுசரில் திறக்கிறது, நிரலில் மட்டும் எரர்

ஓப்பன்எஸ்எஸ்எல்லை நம்பியிருக்கும் கருவிகளில் இது சரிபார்ப்புப் பிழை 20 அல்லது 21 என்று வரும், கர்லில் 60 என்று முடியும். பத்துக்கு ஒன்பது நேரம் காரணம் ஒன்றுதான்: சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்புகிறது, அதற்கும் ரூட்டுக்கும் நடுவில் உள்ள இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லை. பல பிரவுசர்கள் விடுபட்ட இடைநிலையைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், அல்லது முன்பே பார்த்ததை வைத்திருக்கும். லைப்ரரிகள் பெரும்பாலும் அப்படிச் செய்யாது.

ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கமாண்டில் எல்லாச் சான்றிதழையும் காட்டும் ஆப்ஷனோடு இணைந்து பாருங்கள். ஒன்றே ஒன்று வந்தால் சர்வர் பக்கம்தான் திருத்தம். கிளையன்டில் சரிபார்ப்பை அணைப்பது தீர்வு அல்ல, முதல் அறிகுறிக்கு நீங்களே போடும் அடித்தளம். இந்தக் கமாண்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சரிபார்ப்பு தோற்றாலும் அது இணைப்பைத் தொடரும், பெயரையும் தானாகச் சோதிக்காது. ரிட்டர்ன் கோட் 0 என்று வந்ததும் எல்லாம் நலம் என்று எழுந்துவிடாதீர்கள். எதிர்பார்க்கும் ஹோஸ்ட்நேமையும், பிழை வந்தால் நிறுத்து என்ற ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த 0-க்கு மதிப்பு.

சர்வர் முழுச் சங்கிலியையும் அனுப்புகிறது, ஆனாலும் எரர் என்றால், நிறுவனத்தின் ப்ராக்ஸி நடுவில் தன் சான்றிதழைச் செருகுகிறதா என்று பாருங்கள். அதன் ரூட் இயங்குதளத்தின் நம்பிக்கைப் பட்டியலில் இருக்கும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸும் நோடும் சொந்தப் பட்டியலோடு வருகின்றன, அவற்றுக்கு அது தெரியாது. அந்த ரூட்டை அந்தந்த லைப்ரரியின் பட்டியலில் சேர்க்க முறையான வழி இருக்கிறது. நோடுக்குக் கூடுதல் ரூட் ஃபைலைக் காட்டும் ஒரு வேரியபிள், ரிக்வெஸ்ட்ஸுக்கு ரூட் சான்றிதழ்களின் தொகுப்பு ஃபைலின் பாதை. முன்பு கேட்ட "ஏன் அணைத்தார்கள்" என்ற கேள்விக்கும் பெரும்பாலும் இங்கேதான் பதில்.

அறிகுறி: நேற்றுவரை ஓடியது, இன்று பல சர்வர்களுக்கு ஒரே நேரத்தில் எரர்

சாதனத்தின் கடிகாரத்தை முதலில் பாருங்கள். அது சரியென்றால் ரூட் காலாவதி. 2020 மே 30 அன்று ஆட்டிரஸ்ட் ரூட்டும், 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3-ம் காலாவதியானபோது இதுதான் நடந்தது. சர்வர் அனுப்பிய சங்கிலிக்குச் செல்லுபடியாகும் இன்னொரு பாதை இருந்தது. பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 முதலில் கிடைத்த பாதையையே பிடித்துக்கொண்டு, அது காலாவதி என்று நின்றுவிட்டது. 1.1.0 முதல் நம்பகமான பட்டியலில் இருப்பதைத்தான் முதலில் தேடும். பழையதிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் என்றால், காலாவதியான ரூட்டைப் பட்டியலிலிருந்து நீக்கினால் மாற்றுப் பாதை தானாகக் கிடைக்கும். இது கேட்க விசித்திரமாக இருந்தாலும் வேலை செய்யும்.

அறிகுறி: மேம்படுத்தியதும் உடைந்தது

கோ 1.15-க்குப் போனதும் பெயர் பொருந்தவில்லை என்றால், சான்றிதழில் காமன்நேம் மட்டும் இருந்து மாற்றுப்பெயர் பகுதி காலியாக இருக்கும். பைத்தான் 3.13-க்குப் போனதும் சாவி அடையாளப் பகுதி இல்லை என்றோ, அடிப்படைக் கட்டுப்பாடு கட்டாயம் என்று குறிக்கப்படவில்லை என்றோ வந்தால், நிறுவனத்தின் உள் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) தயாரித்த சான்றிதழ் விதிமுறைப்படி இல்லை. இரண்டு இடத்திலும் லைப்ரரி சரி, சான்றிதழ்தான் தவறு. புதிதாகத் தயாரியுங்கள். பைத்தானில் கறார் ஃபிளாகை மட்டும் தற்காலிகமாக எடுக்கலாம். அவசரத்துக்கு அது போதும், முழுச் சரிபார்ப்பையும் அணைக்கத் தேவையில்லை.

அறிகுறி: பேட்ச் போட்டாகிவிட்டது, ஆனாலும் ஓட்டை போகவில்லை

பேக்கேஜ் பட்டியலில் புதிய பதிப்பு, ஓடுவது பழைய பதிப்பு. ப்ராசஸ் பழைய லைப்ரரியை நினைவகத்தில் பிடித்துக்கொண்டே இருக்கும். லினக்ஸில் எல்எஸ்ஓஎஃப் கமாண்டில் நீக்கப்பட்டது என்ற குறியோடு லைப்ரரி தெரிந்தால் அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். அது இல்லையென்றால் கன்டெய்னர் இமேஜ் பழையதாக இருக்கும், அல்லது லைப்ரரி நிரலுக்குள்ளேயே ஸ்டாட்டிக்காக இணைக்கப்பட்டிருக்கும். இயங்குதளத்தை எத்தனை முறை அப்டேட் செய்தாலும் அதற்குள் போகாது, நிரலையே மறுபடி பில்ட் செய்தாக வேண்டும். மொபைல் ஆப்பில் இன்னொரு சிக்கல்: நீங்கள் சேர்த்த லைப்ரரி புதியது, ஆனால் விளம்பரத்துக்கோ அனலிடிக்ஸுக்கோ சேர்த்த வேறொரு எஸ்டிகே (பிறர் தரும் கோட் தொகுப்பு) தனக்கென்று பழைய நகலை வைத்திருக்கலாம். லைப்ரரிப் பதிப்புகளைப் பூட்டிவைக்கும் லாக் ஃபைலில் ஒரு பெயரை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், டிப்பெண்டன்சி மரத்தை முழுதாக விரித்துப் பாருங்கள். பேட்சுக்குப் பிறகு மேலே சொன்ன ப்ராக்ஸி சோதனையையும் ஹோஸ்ட்ஸ் ஃபைல் சோதனையையும் வெளியிடப்போகும் அதே பில்டில் ஓட்டுங்கள். டீபக் பில்டில் ஓட்டிப் பயனில்லை, இரண்டின் அமைப்பும் வேறாக இருக்கலாம்.

ஓட்டை திறந்திருந்த காலத்தில் அந்த இணைப்பு வழியே போன ஏபிஐ சாவிகள், செஷன் டோக்கன்கள், பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள். யாராவது எடுத்தார்களா என்பதற்கு உங்கள் சர்வர் லாகில் தடயம் தேடிப் பயனில்லை. நடுவில் இருந்தவன் உங்கள் சர்வரோடு பேசியதும் ஒழுங்கான ஒரு கிளையன்டாகத்தான் பதிவாகியிருக்கும்.